கை நனைக்க வந்த நாள்

உக்காருங்கம்மா, உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், பெஞ்சு ஆடுது, இப்படி வாங்க. டோக்கன்லாம் ஒண்ணியும் கிடையாது இங்க. இலவச சட்ட உதவி மையம்னு போர்டு போட்டுக்கீறாங்க இல்ல, பேரு எழுதிக் குடுத்துட்டு குந்திகினு இருக்கவேண்டியதுதான், கூப்புடுவாங்க. நீங்க இன்னா விசயமா வந்தீங்க? ஜீவனாம்சமா? அடப்பாவமே. கவலப்படாதீங்க, உள்ள கீறாங்களே நஸ்ரின் வக்கீலம்மா, லேசுல விடமாட்டாங்க அவன. தங்கமானவங்க. அவுங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்க முடியாது நம்மால, வாங்கிக்கமாட்டாங்க. அப்படிப்பட்டவங்க மூஞ்சில நான் ஒருதபா கரியப் பூசிட்டேம்மா. நல்லா கெட்டியாப் பூசிட்டேன்.

உள்ளதான் இருந்தேன் இம்மா நேரம். தண்ணி குடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். தண்ணியும் குடிக்கல.

எம்பேரு தெய்வசிகாமணி. ஊரு நாகலேரி. கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க, கேள்விப்படாத வரைக்கும் எங்களுக்கு நல்லது. ஊர்க்கோடியில தோல் ஷாப்பு கீது, தோல் பதம் பண்ற கம்பெனிய அப்படித்தான் சொல்லுவோம் நாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு. அந்தக் கழிவு ஓடையில வுழுந்து, ஓடையில இருந்து ஏரிக்குப் போயி, ஏரியில இருந்து பூமிக்குள்ள எறங்கி, கடைசில எங்க கிணத்துக்கு வந்துட்டுது. சேந்தினா டீத்தண்ணியாட்டம் வரும். வாளியில நொரை கட்டும். சோறு வடிச்சா மஞ்சளா இருக்கும், ஏதோ தாளிச்ச சோறுன்னு நினைச்சுப்பீங்க. தென்னமரம் நிக்குது, எளநி வெட்டினா உப்புக் கரிக்கும். ஆச்சு, இருவது வருசத்துக்கு மேல ஆச்சு.

எங்க கிணறு கூட்டுக் கிணறு. எனக்குப் பாதி, எங்க பெரியப்பா மவனுக்குப் பாதி. அண்ணன் செத்துப்பூட்டாரு. புள்ளகுட்டி இல்ல. இப்ப அவரு பங்குக்கு அண்ணிதான், சம்பூர்ணம் அண்ணி. ஒரு நாளு அவுங்க முறை, ஒரு நாளு எங்க முறை, அப்படித்தான் மோட்டார் போடறது. ஊர்ல கூட்டுக் கிணறுன்னா வெட்டு குத்துல போயி நிக்கும். எங்களுக்குள்ள முறைக்குன்னு ஒரு சண்டை வந்ததில்ல. நான் யாருக்கும் கெட்டது நினைக்கறவன் இல்லம்மா. யாரை வேணா கேளுங்க.

அண்ணிக்கு ஆள் வெச்சுப் பயிர் பண்ண வழியில்ல. அவுங்களே மம்பட்டி எடுத்துகினு மடை திருப்புவாங்க. கால் எப்பவும் அந்தத் தண்ணியிலதான். வெரலிடுக்கெல்லாம் வெடிச்சு, புண்ணாயி, சீழ் வெச்சு, ஆறவே ஆறல. டாக்டரு அந்தத் தண்ணியில கால வெக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. நல்லா சொன்னாரு. வேற தண்ணிக்கு எங்க போறது? பயிரத்தான் வுட்டுடலாம், குளிக்கறதுக்கு, பொழங்கறதுக்கு?

அப்பதான் இந்த வக்கீலம்மா எங்க ஊரு ஸ்கூல்ல வந்து முகாம் போட்டாங்க. மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கோம், கோர்ட்டு ஆபீசர அனுப்பும், அவரு ஒவ்வொரு கிணறா வந்து பாத்து, பாட்டில்ல தண்ணி புடிச்சு, லிஸ்ட்டு எழுதுவாரு, லிஸ்ட்டுல வர்ற வூட்டுக்கெல்லாம் நல்ல தண்ணிக் குழாயும் வைத்தியமும் கெடைக்கும்னாங்க. கூட்டுக் கிணறா இருந்தா ரெண்டு பங்குக்காரரும் கையெழுத்துப் போடணும்னாங்க. போட்டேன். அண்ணி ரேகை வெச்சாங்க, நான் அதுக்குப் பக்கத்துல பேரு எழுதினேன். அண்ணி அன்னிக்கு கேட்டாங்க, இன்னா தம்பி, நெசமாவே குழாய் வருமான்னு. வரும் அண்ணின்னேன். வாசல்ல எந்தப் பக்கம் வெக்கறதுன்னு அன்னிக்கே எடம் பாத்துட்டாங்க.

இதெல்லாம் சரியாத்தான் போச்சு. எம்புள்ள கல்யாணம்தான் நடுவுல வந்து நின்னுச்சு.

எம்புள்ள ஜெயவேலு. நல்ல புள்ள, ஷூ கம்பெனியில சூப்பர்வைசரு. முப்பத்திமூணு வயசாயிட்டுது, பொண்ணு அமையல. ஜாதகம்லாம் பொருந்தும். வருவாங்க, பாப்பாங்க, ஊரு பேர சொன்னதும் ஒரு மாதிரி மூஞ்சி மாறும். ஓ, அந்த ஷாப்புத் தண்ணி ஊரான்னுவாங்க. எங்க பக்கம் ஒரு பழக்கம், உங்க பக்கமும் இருக்கும், பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூடு பாக்க வந்து, புடிச்சிருந்தா கை நனைப்பாங்க. அதாவது சாப்புடுவாங்க. எலையில கை வெச்சுட்டா முடிஞ்சுது, அப்பால மாறமாட்டாங்க. புடிக்கலன்னா தண்ணிகூட வேணாம்னு எழுந்து பூடுவாங்க. எங்க வூட்டுக்கு பதினோரு எடம் வந்துச்சும்மா. பதினோரு எடமும் கை நனைக்கல. ஒருத்தரு காப்பிய வாயில வெச்சுட்டு, நைசா சொம்பு மறைவுல துப்பினாரு. எம்பொண்டாட்டி பாத்துட்டா. அன்னிக்கு அவ அழுத அழுகைய நீங்க கேட்டிருக்கணும்.

பன்னெண்டாவதுதான் செங்கம் பக்கத்து எடம். பொண்ணு பேரு மோனிஷா, பி.காம். படிச்சது. அவுங்க அப்பாரு ஏழுமலை, நல்ல மனுசன். தூரத்து ஊரு, நம்ம சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது. நாங்களும் சொல்லல. கேட்டா சொல்லலாம், கேக்காததுக்கு எதுக்கு? ஒரு வெள்ளிக்கிழம வரேன்னாங்க. நான் டவுனுக்குப் போயி கேன் தண்ணி வாங்கியாந்தேன், அரிசி களையறதுல இருந்து கை கழுவற வரைக்கும் எல்லாம் அந்தத் தண்ணிதான். காலிக் கேனயெல்லாம் கொட்டாய்க்குப் பின்னால வைக்கப்போருல சொருகிட்டேன். அந்த வைக்கப்போரு அண்ணி வூட்டுச் செவுத்த ஒட்டினாப்புல கீது. அண்ணி பாத்துகினுதான் இருந்தாங்க. நான்தான் சொன்னேன், அண்ணி, இன்னிக்கு ஒரு நாளு கண்டுக்காதீங்கன்னு. சிரிச்சாங்க. நல்லா நடக்கட்டும் தம்பின்னாங்க.

பதினோரு மணிக்கெல்லாம் வந்துட்டாங்க. ஒம்போது பேரு. வூடு பாத்தாங்க, பையனப் பாத்தாங்க, நெலத்த எட்டிப் பாத்தாங்க. எல்லார் மூஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு. அவுங்கள்ல பெரியவரு ஒருத்தரு, சரி, எலையப் போடச் சொல்லுங்கன்னாரு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துட்டுது. எலை போட்டாச்சு. எம்பொண்டாட்டி பாயசம் வெக்கறா. அந்த நேரம் பாத்து வாசல்ல ஜீப்பு சத்தம்.

கோர்ட்டு ஆபீசரு. கூட வக்கீலம்மா. அவுங்களுக்கு வழி காட்டிகினு அண்ணி, அந்தப் புண்ணுக் கால இழுத்துகினு, சந்தோசமா வராங்க. அந்த வாரத்துல என்னிக்கோ வரேன்னுதான் சொல்லியிருந்தாங்க. அன்னிக்குத்தானா வரணும்? சொல்லுங்க. ஏழு நாளு கீது ஒரு வாரத்துல.

நேரா கிணத்துகிட்ட போயிட்டாங்க. நான் செருப்புகூட போடாம ஓடினேன். பின்னால திரும்பிப் பாக்கறேன், சம்பந்தியாவப் போறவரு எலையில குந்தாம எம்பின்னாலயே வராரு. இன்னா விசயம் சார்னு அந்த ஆபீசரையே கேக்கறாரு. அவரு சொல்றாரு, இந்தக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு மனு வந்துருக்கு, பாக்க வந்தோம்னு. சம்பந்தி எம்மூஞ்சப் பாத்தாரு. அந்தப் பார்வைய நான் பதினோரு தபா பாத்தவம்மா. அடுத்து இன்னா வரும்னு எனக்குத் தெரியும்.

ஆபீசரு கேட்டாரு, நீங்கதான் இன்னொரு பங்குதாரரா, இந்தத் தண்ணி எப்படின்னு.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வாளிய எடுத்தேன். சேந்தினேன். மேடை மேல ஒரு லோட்டா இருந்துச்சு, மோந்தேன். கடகடன்னு குடிச்சேன். ஒரு லோட்டா முழுசா. வாயத் தொடச்சுகினு, நாங்க இதத்தான் சார் குடிக்கிறோம், தலைமுறை தலைமுறையா இதான்னு சொன்னேன். செருப்பு ஊற வெச்ச தண்ணியாட்டம் இருந்துச்சு. தொண்டைய வுட்டு எறங்கல, ஆனா மூஞ்ச சுளிக்கல பாருங்க நான். அப்படி ஒரு நடிப்பு.

வக்கீலம்மாவுக்கு ஒண்ணுமே புரியல. அண்ணே, நீங்கதானே கையெழுத்து போட்டீங்கன்னாங்க. அண்ணேன்னுதான் கூப்புட்டாங்க, அத சொல்லணும். நான் சொன்னேன், இன்னாத்துக்குன்னு தெரியாது, நீங்க போடச் சொன்னீங்க, போட்டேன்னு. ஆபீசரு ஒரு மாதிரியா அவுங்களப் பாத்தாரு, ஏதோ இவுங்களே ஆள் புடிச்சு கையெழுத்து வாங்கற மாதிரி. பாட்டிலைத் தொறக்கக்கூட இல்ல. இன்னும் நாப்பது கிணறு கீது, அடுத்தத பாக்கலாம்னு பேப்பர்ல ஏதோ எழுதிகினு கெளம்பிட்டாரு. படிச்சவருதானே? ஒருத்தன் குடிச்சுக் காட்டினா நம்பிடறதா? ஒரு பாட்டில் புடிச்சுனு போயிருந்தா அவரு கொறைஞ்சா பூடுவாரு?

அண்ணி? அதத்தான் சொல்ல வந்தேன். அண்ணி அங்கதான் நின்னுகினு இருந்தாங்க. ஒரு வார்த்த பேசல. அவுங்களுக்குப் பின்னாலதான் அந்த வைக்கப்போரு. கைய நீட்டி, தோ பாருங்க சார் கேனுன்னு சொன்னா தீந்துச்சு. சொல்லல. மூணு வருசமா நான் எனக்கு இதத்தாம்மா சொல்லிகினு இருந்தேன். நான் பொய் சொன்னேன், சரி. அவுங்க வாய்ல இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? கேஸு அவுங்களுது, காலு அவுங்களுது. சொல்லாம நின்னா பாதித் தப்பு அவுங்களுதுதானே? படுத்தா எழுந்தா இதான் எனக்குத் தெம்பு.

சம்பந்தி உள்ள போயி குந்தினாரு. நல்லா சாப்ட்டாரு. ரெண்டு தபா சாம்பார் வாங்கினாரு. கை கழுவும்போது எந்தோள்ல தட்டி, வழியில டீ குடிக்கச்சொல்ல ஒருத்தன் உங்க ஊரு தண்ணியப் பத்தி என்னென்னமோ சொன்னான், மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, நீங்க குடிச்சதப் பாத்ததும் அது போயிட்டுதுன்னாரு. அவுங்க வேன் ஏறினதும் கொட்டாய்க்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். மூணு நாளு நாக்குல ருசியே தெரியல.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. அண்ணி வந்து அட்சதை போட்டாங்க.

அப்பால லிஸ்ட்டு வந்துச்சு. ஊர்ல எல்லா வூட்டுக்கும் குழாய் போட்டாங்க, எங்க கிணத்துக்கு முன்னால இருக்கற வூட்டோட பைப்பு நின்னுட்டுது. எனக்குமில்ல, அண்ணிக்குமில்ல. எனக்கு இல்லன்னா பரவால்ல, எனக்கு அது வேணும். அவுங்க ஸ்கூல் குழாய்க்கு நடந்து போறாங்க, கொடத்த இடுப்புல வெச்சுகினு. எம்மாம் தண்ணி தூக்குவாங்க? குடிக்க மட்டும்தான் ஆவும். மத்ததுக்கெல்லாம் அதே கிணறு. போன வருசம் கால் வெரலு ஒண்ண எடுத்துட்டாங்க. இப்ப இன்னொண்ணும் கருத்துகினு வருது. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தேன், பழம் வாங்கினு போனேன். வாய்யா தம்பின்னு பக்கத்துல குந்த வெச்சு, எனக்கே ஒண்ணு உரிச்சுக் குடுத்தாங்க. தின்னேன். வேணாம்னா தப்பா நினைச்சுப்பாங்கன்னு தின்னேன்.

எம்மருமவளுக்கு ரொம்ப நாளு ஆவல, வந்த ஒரு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. தல சீவினா சீப்பு பூரா முடி. சோத்தப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு. அப்பாருகிட்ட போன்லயும் சொல்லல. முடிஞ்ச அன்னிக்கெல்லாம் வண்டி எடுத்துகினு போயி ஸ்கூல் குழாயில தண்ணி புடிச்சாரும், ரெண்டு வூட்டுக்கும். அதுவா அண்ணி வூட்டு வாசல்ல ஒரு கேன எறக்கி வெச்சுட்டு வரும். பெரியத்தை, பெரியத்தைன்னு அவுங்க மேல அம்மாம் உசுரு.

ரெண்டு மாசம் முன்னால, லிஸ்ட்டுல வுட்டுப்போனவங்க திரும்ப மனு குடுக்கலாம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. மோனிஷாதான் இங்க வந்து வக்கீலம்மாவப் பாத்து, ஏன் எங்க கிணறு மட்டும் வுட்டுப்போச்சுன்னு அந்த ஆபீசர் ரிப்போர்ட்டு காப்பி வாங்கியாந்துச்சு. ஒரு நாளு நான் சாப்ட்டுகினு இருக்கும்போது எதுருல வந்து குந்தி, மாமா, இத கேளுங்கன்னு படிச்சுது. கூட்டுதாரர் தெய்வசிகாமணி என்பவர் எங்கள் முன்னிலையில் அந்நீரை அருந்திக் காட்டினார். அழகா டைப் அடிச்சுக்கீறாங்க. கீழ தேதி. அது தேதியப் பாத்துச்சு. திரும்பப் பாத்துச்சு. மாமா, இது எங்கப்பா வந்த நாளாச்சேன்னுச்சு.

நான் கைய உதறிட்டு எழுந்துட்டேன்மா.

அது அழல, சண்டை போடல. மறுநாளு வந்து, மாமா, என்ன வுடுங்க, பெரியத்தை காலப் பாருங்க, நீங்க வந்து எழுதிக் குடுத்தாத்தான் அந்த ரிப்போர்ட்டு அடிபடும்னுச்சு. வரேன் வரேன்னு நாளக் கடத்தினேன். இன்னியோட கடைசி நாளு. காத்தால என்னையும் அண்ணியையும் ஆட்டோவுல ஏத்திகினு வந்து இங்க எறக்கிட்டுது.

வக்கீலம்மா என்ன ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா தேவல. குந்துங்கண்ணேன்னாங்க. மறந்துபோச்சுன்னு எழுதலாமான்னு கேட்டேன். செல்லாதுண்ணே, தண்ணி கெட்டதுன்னு தெரிஞ்சேதான் குடிச்சேன், பொய் சொன்னேன்னு எழுதணும், அப்பதான் திரும்ப வந்து பாப்பாங்கன்னாங்க. எழுதினா காப்பி எல்லாருக்கும் போவும். அன்னிக்கு எங்கூட நின்னவருன்னு சம்பந்தியையும் கூப்புட்டு விசாரிப்பாங்களாம். அந்த மனுசன் அவரு ஊர்ல எல்லார்கிட்டயும், எங்க சம்பந்தி ஒரே பேச்சுக்காரருன்னு சொல்லிகினு திரியறாரு. பொண்ண இட்டுகினு போயிட்டாருன்னா? எம்புள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அதான் பேனாவ வெச்சுகினு குந்தியிருந்தேன்.

அப்பதான் வக்கீலம்மா அண்ணியக் கேட்டாங்க. ஏம்மா, அன்னிக்கு நீங்களும் அங்கதானே இருந்தீங்க, அவரு சொல்றது பொய்னு ஏன் சொல்லலன்னு. நான் காத தீட்டிகினேன். மூணு வருசமா நான் கேக்க நினைச்ச கேள்வி அது.

அண்ணி சொல்றாங்க, எலை போட்டாச்சும்மா, பன்னெண்டாவது எடம் அது, நான் வாயத் தொறந்தா அவுங்க எழுந்து பூட்டிருப்பாங்க, தண்ணிய அப்பால கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்னு. அம்மாந்தான் சொன்னாங்க. சொல்லிட்டு, மோனிஷா கையப் புடிச்சுகினு, இந்தப் புள்ள எங்களுக்குக் கெடைச்சுருக்குமான்னாங்க.

அதான் எழுந்து வந்துட்டேன். இம்மா நாளு அவுங்க பங்குக்குப் பாதித் தப்புன்னு ஒதுக்கி வெச்சிருந்தேனே, பாவி, அது எனக்காகம்மா. எம்புள்ளைக்காக. வெரலு போயிட்டுது அதுக்கு.

இருங்க, தோ எம்மருமவ வருது. இன்னாம்மா? வரேன், தோ வந்துட்டேன். இன்னாது? மனு வேணாம்ங்கறாங்களா? யாரு, அண்ணியா?

கேட்டீங்களாம்மா? தம்பி எழுத வேணாம், இந்தப் புள்ள வாழ்க்கைக்கு எதுனா ஆயிடும், எங்காலு எப்படியோ போவட்டும்னு சொல்றாங்களாம். மனு வாபஸ்னு எழுதச் சொல்லி, மைய வேற பூசிகினாங்களாம், ரேகை வெக்கப் போறாங்களாம். இன்னியோட முடிஞ்சுதுன்னா அப்பால கேக்கவும் முடியாதே. திரும்பவும் எனக்காகவா? எத்தினி தபா?

கொஞ்சம் கால ஒதுக்கிக்குங்கம்மா, நான் போறேன்.

அண்ணி! அண்ணி, கைய எடுங்க. எடுங்கன்றேன் இல்ல. வக்கீலம்மா, அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுங்க, வேற எடுங்க. நான் எழுதினா படிக்க முடியாது. மோனிஷா, நீ குந்தும்மா. நான் சொல்றேன், நீ எழுது. தண்ணி கெட்டதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு எங்க வூட்டு அடுப்புல கொதிச்சது கேன் தண்ணி. செங்கத்துல இருந்து வந்த ஏழுமலை கண்ணு முன்னால கிணத்துத் தண்ணியக் குடிச்சுக் காட்டினேன், அவரு பொண்ண எம்புள்ளைக்குக் கட்டணும்னு. இன்னாம்மா நிறுத்திட்ட? எழுது. பொண்ணு பேரு மோனிஷான்னும் போடு.